கரண்ட் இல்லாத நாள்

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. தெருவில் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றன. குமாரபாளையத்துக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. மாதம் ஒரு நாள் துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை என்று முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். தறி ஓட்டுகிறவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்கள். ஒருத்தருக்கு மட்டும் அப்போதுதான் வேலை தொடங்கியது.

அவர் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட். முப்பது தாண்டி இரண்டு மூன்று வயது இருக்கலாம். முதியவர்களின் காது மந்தத்துக்கும் மறதி நோய்க்கும் என்ன தொடர்பு, மறதி என்று வீட்டார் சொல்வதில் காதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் வந்து இறங்கியிருந்தார். "கரண்ட் இருக்கறப்ப இந்த ஊர்ல காது டெஸ்ட் பண்ணவே முடியாது சார். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்" என்றார்.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வாயைத் திறக்கக் கூடாது. பேனாவை டிக் டிக்கென்று அமுக்குவதும் பேச்சுக் கணக்கில் சேரும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல தண்டனை கிடையாது.

சோதனை நடந்த இடம் ஒரு பழைய நூல் குடோனின் உள்ளறை. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நூல் சிப்பங்கள். ஆஸ்பத்திரியில் இதற்கென்று சத்தம் புகாத அறை கட்டியிருப்பார்கள். இங்கே பருத்தி நூலே சத்தத்தைக் குடித்துக்கொள்கிறது. மேசையில் சின்னக் கருவி ஒன்று சத்தத்தை அளந்து டெசிபலில் எண் காட்டிக்கொண்டிருந்தது. 36. தெருவில் ஆட்டோ போனால் 55 ஆகும். அவர் கையை நிறுத்திக்கொண்டு, எண் மறுபடி இறங்கும்வரை காத்திருப்பார். தறி ஓடுகிற நாளில் பட்டறைக்குள் இந்த எண் 90-ஐத் தாண்டி நிற்கும். அதற்குள்தான் இந்தத் தெருவில் பாதிப் பேர் தினமும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள்.

முதலில் வந்தவருக்கு எழுபத்தோரு வயது. நாற்பத்தைந்து வருடம் தறி ஓட்டியவர். வந்து உட்கார்ந்ததுமே, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுங் அம்மிணி. வீட்டுல இருக்கறவங்கதான் முணுமுணுன்னு பேசறாங்" என்றார். இந்த வசனத்தை அன்று மட்டும் நான் நாலு பேர் வாயில் கேட்டேன்.

ஆடியாலஜிஸ்ட் சிரிக்கவில்லை. டார்ச் வைத்த கருவியால் இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார். குரும்பி அடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும், எடுத்தால் போதும். இவருக்குச் சுத்தமாக இருந்தது. பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். ஏனென்று முதலில் எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் கெட்டிக்காரர்கள், பட்டனை அமுக்குகிற கையையும் முகத்தையும் பார்த்தே, சத்தம் வராவிட்டாலும் விரலைத் தூக்கிவிடுவார்களாம். வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. தறிப் பட்டறையில் யாரும் வாயால் பேசுவதில்லை. இழை அறுந்தது, தார்க்குச்சியில் நூல் தீர்ந்தது, முதலாளி வருகிறார் எல்லாமே கை ஜாடையும் உதட்டசைவும்தான். ஒரு காலத்தில் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் பெண்கள் அப்படித்தான் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயரே இருந்தது. கண்ணால் கேட்கப் பழகிய ஆளுக்குக் காது போனது தெரிவதற்கு நாளாகும்.

ஹெட்போனில் சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலப் பக்கம் இடது காதுக்கு. சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் பத்து டெசிபல் குறைப்பார், கேட்காவிட்டால் ஐந்து கூட்டுவார். இறங்கி, ஏறி, இறங்கி, கடைசியில் எந்த இடத்தில் விரல் எழுகிறதோ அதைக் காகிதத்தில் குறிப்பார். வலதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. பெரியவரின் விரல் முதலில் சுறுசுறுப்பாக எழுந்துகொண்டிருந்தது. பிறகு எழவில்லை. அவர் கூட்டிக்கொண்டே போனார். எழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முதுகு மட்டும் அப்படியே நிமிர்ந்திருந்தது, ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பவரைப் போல.

காகிதத்தைப் பிறகு பார்த்தேன். இடப்பக்கம் ஓரளவு சமமாக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. இரைச்சலில் காலம் கழித்த காதின் கையெழுத்து அது. உட்காதில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உண்டு. அழிந்தால் மறுபடி முளைக்காது. மெல்லிய உச்ச ஒலிகளை வாங்குபவை முதலில் போகின்றன. போனால் எல்லாம் கேட்காமல் போவதில்லை, அதுதான் சிக்கல். பேச்சில் அ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் கனமானவை, காதில் விழும். ச, த, ப போன்றவை மெலிந்தவை, விழாது. ஆகவே 'யாரோ பேசுகிறார்கள்' என்பது தெரியும், 'என்ன பேசுகிறார்கள்' என்பது தெரியாது. வீட்டார் முணுமுணுக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னது அவருடைய காதைப் பொறுத்தவரை சத்தியமான வார்த்தை.

அடுத்து ஒரு பாட்டி. எழுபத்தாறு வயது. பட்டறையில் தார் சுற்றிப் பிழைத்தவர். மருமகள் கைப்பிடியாக அழைத்து வந்தார். "அத்தைக்கு எல்லாமே மறந்து போச்சுங் மேடம். சொன்னது சொன்ன நிமிஷத்துல மறந்துருது. சாப்பிட்டீங்களான்னா, சந்தைக்குப் போயிட்டு வந்தேன்கறாங்க" என்று ஆரம்பித்து, பாட்டியின் காதருகே குனிந்து, "டாக்டரம்மா கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க அத்தை!" என்று கத்தினார். பாட்டி முகத்தைச் சுளித்துத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கத்தினால் அந்தக் கனத்த ஒலிகள்தான் இன்னும் கனக்கும். மெல்லியவை அப்போதும் சேராது. கத்துகிறவரின் முகம் கோபமாகத் தெரியும் என்பது மட்டும் உறுதி.

ஞாபகச் சோதனையை அவர் வழக்கமாக எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்கிற முறையிலேயே முதலில் செய்தார். மூன்று வார்த்தைகள் சொல்வேன், திருப்பிச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன். சீப்பு, கோயில், பசு. சாதாரணக் குரலில் சொன்னார். பாட்டி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உப்பு" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "கோயிலு". மூன்றாவது வரவில்லை.

நடுவில் வேறு கேள்விகள். இது என்ன மாதம், எந்த ஊர், பேரன் எத்தனை பேர். ஐந்து நிமிடம் கழித்து, முதலில் சொன்ன வார்த்தைகளைச் சொல்லுங்கள் என்றார். பாட்டி தயங்காமல் சொன்னார்: "உப்பு."

எனக்குச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. விடைத்தாளின் கணக்கில் இது சைபர். சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை. கோயிலை விட்டுவிட்டார், சரி. ஆனால் சீப்பை மறந்தாரா? அவருக்குப் போய்ச் சேர்ந்தது உப்பு. அதை ஐந்து நிமிடம் கைக்குள் பத்திரமாக வைத்திருந்து கேட்டபோது எடுத்துக் கொடுத்தார். பேசக் கூடாது என்ற நிபந்தனை இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஏதாவது உளறியிருப்பேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு வயர், அதில் ஹெட்போன். பேசுகிறவர் பக்கம் மைக்கை நீட்டினால் கேட்கிறவர் காதில் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. அதை மாட்டிவிட்டு, எதிரே முகம் தெரிய உட்கார்ந்து, வேறு மூன்று வார்த்தைகள் சொன்னார். சாவி, கிணறு, தட்டு. பாட்டி மூன்றையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். மருமகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

இத்தோடு நின்றிருந்தால் பத்திரிகைக்கு நல்ல கதை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது பாட்டிக்குக் கிணறு மட்டும் நினைவில் இருந்தது. "கிணறுங்... அப்புறம்... ஏதோ சொன்னீங்." அதற்குப் பிறகு மருமகள் தணிந்த குரலில் சொன்னவற்றை முன்பே யாரும் கேட்டிருக்கவில்லை. போன மாதம் ரேஷன் கடைக்குப் போனவர் திரும்பி வரும் வழி தெரியாமல் காவேரிப் பாலம் வரை போய்விட்டார். எட்டு வருடத்துக்கு முன் காலமான மாமனாருக்குச் சோறு போட்டாயிற்றா என்று சில நாள் கேட்கிறார். அதற்குக் காதைக் குற்றம் சொல்ல முடியாது. காதும் போயிருக்கிறது, ஞாபகமும் போய்க்கொண்டிருக்கிறது. ஆடியாலஜிஸ்ட் தாளில் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதினார். நரம்பியல் மருத்துவரிடம் போகச் சீட்டும் எழுதினார். அவருடைய ஆராய்ச்சியே அந்த இரண்டு கட்டங்கள்தான்: பெட்டி இல்லாமல் எத்தனை, பெட்டியோடு எத்தனை.

பதினோரு மணிக்கு டீ வந்தது. எனக்கும் பேச அனுமதி கிடைத்தது. இந்த இரண்டு கட்டங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு, பதினைந்து வருட வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லின் என்று ஒரு காது மருத்துவர். 2011-ல் அவரும் கூட்டாளிகளும் 639 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். 1990-க்கும் 1994-க்கும் இடையில் காது சோதித்தபோது அவர்களில் யாருக்கும் மறதி நோய் இல்லை. 2008 வரை பின்தொடர்ந்து பார்த்ததில் 58 பேருக்கு வந்திருந்தது. காது லேசாக மந்தமானவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தரமாகக் கெட்டவர்களுக்கு மூன்று மடங்கு, கடுமையாகப் போனவர்களுக்கு ஐந்து மடங்கு. மூப்பில் காது மந்தம் சகஜம், அதற்கென்ன என்று இருந்த வைத்திய உலகம் அந்த எண்களைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஏன் அப்படி என்பதற்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். முதலாவதை ஆடியாலஜிஸ்ட் ஊருக்கேற்ற மாதிரிச் சொன்னார். ஒரே ஆள் நாலு தறி பார்க்கிறார் என்று வையுங்கள். அதில் ஒரு தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தால் அவர் அங்கேயே நிற்பார். மற்ற மூன்றும் பார்க்க ஆளில்லாமல் ஓடும். உடைந்து உடைந்து வரும் பேச்சை ஒட்டவைக்கிற வேலையிலேயே மூளை நின்றுவிட்டால், நினைவில் வைக்கிற வேலைக்கு ஆள் இல்லை. இரண்டாவது, ஒலி போய்ச் சேராத மூளைப் பகுதி சீக்கிரம் சுருங்குகிறது. இதை 2014-ல் லின் குழு ஸ்கேன் படங்களில் காட்டியது. மூன்றாவதற்கு ஸ்கேன் தேவையில்லை. காது கேட்காதவர் கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருவார், அடுத்த கல்யாணத்துக்கு வரமாட்டார். பேச்சு நின்ற மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறார். நாலாவதாக ஒரு சந்தேகமும் உண்டு: காதையும் மூளையையும் ஒரே மூப்பு, ஒரே ரத்தக்குழாய்க் கோளாறு சேர்த்தே கெடுக்கலாம் அல்லவா? அப்படியானால் காது காரணமே இல்லை, கூட்டாளி.

அதைத் தீர்க்க ஒரே வழிதான். ஒரு பாதிப் பேருக்குக் காது மிஷின் கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமல் பார்ப்பது. லின் குழு அதையும் செய்தது. 70 முதல் 84 வயதுக்குள் 977 பேர், நான்கு ஊர்கள், மூன்று வருடம். 2023 ஜூலையில் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஞாபகத்தில் வித்தியாசமில்லை. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர், 238 பேர், பல வருடமாக ஓர் இதய நோய் ஆய்வில் இருந்தவர்கள். வயது கூடியவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று ஆபத்துகள் நிறைய உள்ளவர்கள். அவர்களிடம் மட்டும் மூளைத் திறன் குறைகிற வேகம் 48 சதவீதம் தணிந்திருந்தது.

இந்த 48-ஐ மட்டும் பிய்த்தெடுத்து விளம்பரம் போடுகிற கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆடியாலஜிஸ்ட் அப்படிப் பேசவில்லை. முன்பகுதியை முதலில் சொன்னார், பின்பகுதியைப் பிறகு சொன்னார். அதே வருடம் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்த இன்னொரு கட்டுரையைப் பற்றியும் அவராகவே சொன்னார். பிரிட்டனின் பெரிய தரவுக் களஞ்சியத்தை வைத்து, மிஷின் போட்டால் மறதி நோய் குறைகிறது என்று உலகம் முழுக்கச் செய்தியான கட்டுரை அது. பிறகு பார்த்தால் கம்ப்யூட்டர் கணக்கில் மிஷின் போட்டவர்களும் போடாதவர்களும் இடம் மாறிப் போயிருந்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். "அதனாலதான் சார், நான் ரெண்டு தடவை டிக் பண்ணிப் பாக்கறேன்" என்றார். அவர் தாளில் ஒவ்வொரு குறியின் மேலும் பென்சிலால் இன்னொரு சின்னக் குறி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

லண்டனில் ஜில் லிவிங்ஸ்டன் தலைமையிலான 'லான்செட்' ஆணையம் 2024-ல் சொன்ன கணக்குப்படி, உலகில் வரும் மறதி நோயில் 45 சதவீதம் அளவுக்கு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்து தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது. அதில் காது மந்தத்தின் பங்கு 7 சதவீதம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருக்கிறார்கள் என்று 2023-ல் வந்த மதிப்பீடு சொல்கிறது. இந்த எண்ணை எழுதும்போது எனக்கு அந்த உப்புதான் ஞாபகம் வருகிறது.

டீக்குப் பின் மறுபடி வாயடைப்பு. முதலில் சோதித்த தறிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார். பரிசோதனைக்காக ஒரு மிஷினைப் பொருத்திப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் பாசிப்பயறு நெற்று மாதிரி உட்காருகிற சாம்பல் நிறச் சாமான். கம்ப்யூட்டரில் அவருடைய கோடு எங்கே கிணற்றில் இறங்கியதோ அங்கே மட்டும் தூக்கிவிட்டார். அமெரிக்க ஆய்விலும் மிஷினைக் கையில் திணித்துவிட்டு வந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப உட்காரவைத்து, எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நம் பக்கத்தில் இலவசமாகக் கிடைத்ததும் பணம் கொடுத்து வாங்கியதுமாக எத்தனையோ மிஷின்கள் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் தூங்குவதற்குக் காரணம் அந்தச் சொல்லிக்கொடுத்தல் இல்லாததுதான் என்பது என் கட்சி.

பெரியவர் அசையாமல் இருந்தார். வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். "அது என்னுங்?" என்று திரும்பினார். நூல் சிப்பத்தின் பக்கம் தாள் சரசரத்தது. அதற்கும் திரும்பினார். நான் பக்கம் புரட்டியது அது. ஆடியாலஜிஸ்ட் என்னை முறைத்தார்.

"உங்க பேரனைக் கூப்பிடட்டுமா ஐயா?" என்று சாதாரணக் குரலில் கேட்டார். பெரியவர் சுவரைப் பார்த்தபடியே, "அவன் பள்ளிக்கூடம் போயிருப்பானுங் அம்மிணி" என்றார். முதுகுப் பக்கமிருந்து வந்த கேள்விக்கு உதட்டைப் பார்க்காமல் வந்த பதில். அவர் அதைத் தாளில் எழுதினார், பென்சில் குறியோடு.

அறிவித்திருந்தது ஐந்து மணிவரை. ஒன்று நாற்பதுக்கே கரண்ட் வந்துவிட்டது.

முதலில் எதிர்ப் பட்டறை. பிறகு பக்கத்துப் பட்டறை. பிறகு எது எங்கிருந்து என்று பிரிக்க முடியாதபடி தெரு முழுவதும். மேசையில் எண் 36-லிருந்து 60, 68, 74 என்று தாவியது. பெரியவரின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. நாற்பத்தைந்து வருடம் அதற்குள் நின்றவர், "இவ்வளவு சத்தமாங் இது?" என்று கேட்டார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மிஷினை மெதுவாகக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். "ராத்திரி தறி நின்ன பொறகு போட்டுப் பாக்கறனுங்."

ஆடியாலஜிஸ்ட் ஹெட்போன் வயரைச் சுருட்டத் தொடங்கினார். பட்டியலில் பதினான்கு பேர். பதினோரு பேர் முடிந்திருந்தது. மீதி மூன்று பேரும் காலையிலிருந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துச் சொல்லியனுப்புவதாக அவர்களிடம் சொன்னார். தறிச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒரு தாளில் எழுதி, மூன்று பேரிடமும் காட்டினார். ஒருத்தருக்குப் படிக்கத் தெரியும்.